பட்டாளத்துக்காரர் வீட்டு நீச்சல்

எங்கள் ஊர் பத்மநாபபுரத்துக்குக் கிழக்கே, ஒரு பெரிய தாமரைக்குளத்தின் கரையில் இருந்தது. அங்கே என் அப்பாவைப் பட்டாளத்துக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஜெர்மன் சண்டைக்குக் கப்பலேறிப் போய், பஸ்ராவுக்கும் அப்பால் ஓர் ஆற்றில் பாலம் போடும் பிரிவில் இருந்தவர். படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை அடுக்கி, பட்டாளம் நடந்துபோகப் பாதை செய்வது அவர்களுடைய வேலை. அங்கிருந்து திரும்பி வந்தபோது அவருடைய இடது தோள் நொறுங்கிக் கூடியிருந்தது. அந்தக் கை தோளுக்கு மேலே எழும்பாது. வேதக்கோயிலுக்குப் போகவோ வெளியே இறங்கவோ அவர் சட்டை போடும்போது, இடது கையை முதலில் அம்மாதான் நுழைத்துவிடுவாள்.

சண்டையைப் பற்றி அப்பா பேசமாட்டார். ஆனால் பட்டாளத்துப் பழக்கங்கள் அவரிடம் இருந்தன. கோழி கூவுவதற்குள் எழுந்து அடுப்பு மூட்டி, கருப்பட்டி போட்டுத் தேயிலை காய்ச்சி எல்லோருக்கும் கொடுப்பார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் தேயிலை குடித்த வீடுகள் குறைவு. ஆம்பிளை அடுப்பு மூட்டிய வீடு எங்களுடையது ஒன்றுதான். அத்தை, அதாவது அப்பாவின் அக்காள், அடுத்த வளவில் இருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். அப்பா ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கமாட்டார். கல்யாணவீடு எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நடந்தே திரும்பிவிடுவார். யாராவது கேட்டால், "கூடாரத்தில கிடந்தது போதும்" என்பார்.

அம்மா ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, பனையும் முள்ளுமாகக் கிடந்த ஓர் ஊரில் பிறந்தவள். எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்று சொல்வோம். கல்யாணமாகி வந்த புதிதில் அத்தை அவளிடம், "ஏட்டி, கொஞ்சம் வெள்ளம் கொண்டா" என்று கேட்டிருக்கிறாள். அம்மா பதறிப்போய் வாசலுக்கு ஓடி, "எங்கெ வந்திருக்கு?" என்றாளாம். இதை அத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் முதலில் சிரிப்பது அம்மாதான்.

ஆனால் அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் உண்மையிலேயே பயம். எங்கள் வீட்டில் நீந்தத் தெரியாத ஆள் இருக்கக்கூடாது என்பது அப்பாவின் பிடிவாதம். நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, வலது உள்ளங்கையை எங்கள் வயிற்றுக்கடியில் கொடுத்து, பெண்பிள்ளைகளான எனக்கும் தங்கைக்கும் அவரே நீச்சல் பழக்கினார். அதைத் தாண்டி ஆழத்துக்கு அவர் போகமாட்டார். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு எப்படிப் போவார் என்று நாங்களும் கேட்டதில்லை. அம்மாவையும் வருஷாவருஷம் கூப்பிடுவார்.

"எங்க ஊர்ல கெணத்துத் தண்ணியே பாதாளத்துலதான் கெடக்கும். எனக்கு நீச்சல் என்னத்துக்கு? நான் சொம்புல கோரி ஊத்திக்கிடுதேன்" என்று அவள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். தங்கைக்கு ஆறு. ஐப்பசி மழை பெய்து குளம் நிரம்பிக் கிடந்தது. அம்மா பெண்கள் துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கரையோரம் நீந்திக்கொண்டிருந்தேன். தங்கை தாமரை இலைகளுக்குப் பக்கத்தில் போய், மல்லாந்து மிதந்து, மேகம் பார்த்துக்கொண்டிருந்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள் இருந்ததால் வெளிச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அம்மா கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். பிள்ளை அசையாமல் கிடந்தது.

அம்மா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தாள்.

அந்தத் துறையில் படிகள் முடிந்தால் உடனே ஆழம். அம்மா முங்கியதுதான் தெரிந்தது. கை இரண்டும் மேலே வந்து மறுபடி போயின. நான் நீந்திப் போய் அவள் கொண்டையைப் பிடித்தேன். கொண்டை அவிழ்ந்து முடி என் கையோடு வந்தது, விடாமல் இழுத்தேன். தண்ணீர் கலங்கியதாலோ என்னவோ தங்கையும் திரும்பிப் பார்த்து விரைந்து வந்து முந்தானையைப் பற்றினாள். இரண்டு பேருமாக அம்மாவைப் படிக்கு இழுத்துக்கொண்டு வந்து போட்டோம். அவள் இருமி, வாந்தியெடுத்து, மூச்சு வந்ததும் முதல் காரியமாகத் தங்கைக்கு ஓர் அடி கொடுத்தாள். பிறகு எங்களைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வயலில் இருந்து அப்பா ஓடிவந்தார். யாரையும் ஏசவில்லை. அம்மாவைக் கிணற்றடியில் உட்கார வைத்து, அவள் முடியில் அப்பியிருந்த சேற்றையும் தாமரைத் தண்டையும் ஒற்றைக் கையால் மெல்ல மெல்ல அலசி எடுத்தார். ஒரு புருஷன் பெண்டாட்டிக்குத் தலை கழுவிவிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அத்தை சுக்குக்காப்பியோடு வந்தவள், அதைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அம்மா அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தபோது அப்பா தானாகவே பேசத் தொடங்கினார்.

"அண்ணைக்கு ஆறு பெருகி வந்துது. நாங்க கெட்டின பாலம் அறுந்துபோச்சு. எனக்கப் பக்கத்தில ஆர்க்காட்டுக்காரப் பய ஒருத்தன் நின்னான். அவனும் நானும் ஆத்தில விழுந்தோம். ஒரு படகு வந்து எனக்க தோளில இடிச்சுது. மத்தக் கையால அவனப் பிடிச்சேன். அவனுக்கு நீந்த அறியாது. பேடிச்சு எனக்க கழுத்தக் கெட்டிப் பிடிச்சான். ரெண்டுபேரும் முங்கினோம். மேல வரும்போ நான் மட்டும்தான் இருந்தேன்."

பொங்கி வந்த கஞ்சியைத் தணிக்க அம்மா அடுப்பிலிருந்து ஒரு விறகை இழுத்துவிட்டாள்.

"சும்மா மிதந்து கிடக்கத் தெரிஞ்சிருந்தாப் போதும். கரை பக்கத்திலதான் இருந்துது" என்றார் அப்பா.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "இத்தன வருசமா இத எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உனக்கு வெள்ளத்தக் கண்டு இன்னும் பேடி வருமில்லா."

அம்மா அகப்பையைக் கழுவி வைத்தாள். "காலைல நானும் வாரேன்" என்றாள்.

பெண்கள் துறைக்கு அப்பா வரமுடியாது. அதனால் மாடு குளிப்பாட்டும் துறையைத் தேர்ந்தெடுத்தார்கள். மாடுகள் வருமுன், விடிந்தும் விடியாமலும் இருக்கும்போதே போய்விடுவோம். அப்பாவின் பழைய காக்கி நிஜாரைச் சேலைக்குள் போட்டுக்கொண்டு, தார் பாய்ச்சி இறுக்கிக் கட்டி அம்மா இறங்குவாள். தொண்டு, அதாவது நார்மட்டை, உரிக்காத இரண்டு நெற்றுத் தேங்காய்களைக் கயிற்றில் பிணைத்து அவள் முதுகில் கட்டினார் அப்பா. அவை ஆளை முங்கவிடா.

"கால அடி."

"அடிக்கத்தானே செய்யுதேன்!"

"எனக்க வயித்தில அடிக்காத பிள்ளே, வெள்ளத்தில அடி!"

நானும் தங்கையும் கரையில் உருண்டு சிரித்தோம். அம்மா எங்களை முறைத்தாள். அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்து, வாய்க்குள் தண்ணீர் போய், கரையேறி இருமினாள்.

விஷயம் ஊரில் பரவியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் அப்பாவை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் ஒழுங்கில் கண்டிப்பு.

"புருசனும் பெண்டாட்டியும் குளத்தில எறங்கிக் கும்மாளமாம். நாலுபேரு பாத்தா சபைக்குக் குறைச்சல் இல்லியா?"

அப்பா கேட்டார்: "மூப்பரே, உங்க வீட்டில எத்தன பேருக்கு நீந்த அறியும்?"

மூப்பர் யோசித்தார். "ஒருத்தருக்கும் அறியாது. எனக்கே அறியாது."

"குளம் உங்க வீட்டுக் கொல்லையிலதானே கிடக்கு?"

மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வேப்பமரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார். அடுத்த வாரம் அவருடைய மருமகள் கையில் இரண்டு தேங்காயோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு அப்பா சொல்லிக்கொடுப்பது முறையல்ல என்பதால், பெண்கள் துறையில் வைத்து நானும் தங்கையும் பழக்கினோம். பிறகு அத்தையும் வந்தாள். ஊரில் பாதிப் பெண்கள் அந்த வருஷம் நீச்சல் படித்தார்கள். மூப்பர் மட்டும் கடைசிவரை படிக்கவில்லை.

தை பிறந்தபோது அம்மா தேங்காய்களை அவிழ்த்துவிட்டாள். மாசியில் ஒருநாள், குளத்தைக் குறுக்கே கடக்கப் போகிறேன் என்றாள். நானும் தங்கையும் இரண்டு பக்கமும் நீந்தினோம். அப்பா தோளில் துவர்த்துத் துண்டு போட்டுக்கொண்டு கரையோடு எங்களுக்குச் சமமாக நடந்துவந்தார். நாங்கள் மெதுவானால் அவரும் மெதுவாவார். அம்மா முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, ஜெபம் சொல்வதுபோல உதடு அசைய, அக்கரையைத் தொட்டுவிட்டாள். அங்கே நின்றுகொண்டு, "மாத்துச் சேலை அந்தக் கரைல அல்லவா கெடக்கு! நிஜாரும் ஈரச் சேலையுமா ஊருக்குள்ள எப்படி நடந்து போவேன்?" என்றாள். திரும்பவும் நீந்தித்தான் வந்தோம்.

மாட்டுத்துறைக்கு வந்து சேர்ந்ததும் அவள் கரையேறவில்லை. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"வாங்க."

"எனக்கு இந்தக் கைய வச்சிட்டு முடியாது."

"நீங்க ஒண்ணும் அடிக்க வேண்டாம். சும்மா மல்லாந்து கெடங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்."

அப்பா வெகுநேரம் நின்றார். பிறகு சட்டையைக் கழற்றித் துவர்த்தோடு தங்கையிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். நெஞ்சளவு வந்ததும் தயங்கினார். அம்மா அவர் கழுத்துக்கடியில் கை கொடுத்து, சாய்த்து, காலால் தண்ணீரை உதைத்தபடி மெதுவாக ஆழத்துக்கு இழுத்துப் போனாள். முதலில் அவர் உடம்பு விறைத்திருந்தது. அம்மா குனிந்து காதில் ஏதோ சொன்னாள், எங்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்சங்கொஞ்சமாக அவர் கால்கள் மேலே வந்தன. எழும்பாத அந்த இடது கையும் தண்ணீரில் தானாக விரிந்து மிதந்தது. கண்ணை மூடாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் கையில் அப்படியே கிடந்தார். வேளிமலைப் பக்கம் இன்னும் மூடுபனி விலகவில்லை.

மாடுகள் வரும் மணிச்சத்தம் கேட்டபிறகுதான் இருவரும் கரைக்கு வந்தார்கள். அப்பாவின் முகம் நனைந்திருந்தது. குளித்துவிட்டு வந்தவர் முகம் நனைந்துதானே இருக்கும். அம்மா அவர் தலையைத் துவட்டிவிட்டு, இடது கையை முதலில் நுழைத்துச் சட்டையைப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி அவர்களுக்குள் வாக்குவாதம். மரச்சீனிக் கிழங்கு அவித்துச் சாளைமீன் கறி வைக்கவேண்டும் என்றார் அப்பா. சாளைக்காரி இன்னும் வரவில்லை, அவளை நம்பி உலை வைக்கமுடியாது என்றாள் அம்மா. தங்கைக்குப் பசி. ஈரப் பாவாடை காலில் ஒட்ட, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.