கூம்பு ஒரு வரிசைக்கு, தலைதட்டு ஒரு வரிசைக்கு

கந்தாங்கைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, கவிழ்த்து ஊதி, உள்ளே பூச்சி கீச்சி ஒட்டியிருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பரஞ்சோதி அரிசியில் கை வைப்பார். முதல் அளவைக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார். "லாபம்" என்பார். அதற்கடுத்தது, "ரெண்டு". எதிரே யார் நின்று கதை பேசினாலும், வரிசையில் அடிதடியே நடந்தாலும் அந்த எண்ணிக்கை தப்பாது. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே அளப்பார், வீட்டுச் சங்கதி விசாரித்துக்கொண்டே அளப்பார். தும்மல் வந்தால் மட்டும் முகத்தை முதுகுப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

கந்தாங் என்பது மலாய்க்காரர் அளவு. நம் மரக்காலுக்குத் தம்பி முறை என்று வைத்துக்கொள்ளலாம். அதன் குட்டி சுப்பாக். இரண்டுக்கும் தலை தட்டப் பரஞ்சோதிக்குக் கட்டை வேண்டியதில்லை. வலது உள்ளங்கை விளிம்பு காய்த்துப்போய்க் கரண்டிக் காம்பு மாதிரி இருக்கும். ஒரே வழிப்பு, மேலே ஒரு மணி நிற்காது.

"அரிசி பச்சப்புள்ள மாதிரி," என்பார். "மெல்ல விட்டா கையக் கால விரிச்சுப் படுத்துக்கும். தட்டிக் குடுத்தா ஒடுங்கிக்கும். அளக்கிறவன் மனசு வச்சா ஒரே அரிசி நெறையாவும் நிக்கும், கொறையாவும் நிக்கும்."

சொன்னாரே தவிர, மனசு வைத்துக் குறைத்தார் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. மலாயாவில், கெடாச் சீமையின் சுங்கை பட்டாணியில் ஒரு அரிசிக் கடையில் பழகிய கை அது. பிறகு வெள்ளைக்காரன் கவர்மெண்டு கிடங்குக்கு அளவைக்காரராகப் போனார். தாய் மருதம்மாள் மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். மருதம்மாளின் அண்ணன் மகள் குணவதியைத்தான் பரஞ்சோதி கட்டினார். குணவதிக்குக் கூடப் பிறந்தவன் ஒரே தம்பி, இருளப்பன். தாயும் தகப்பனும் ஒரே மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்விட, அக்காள் இடுப்பிலேயே வளர்ந்தவன். பரஞ்சோதிக்கு மைத்துனன் என்று பேர். மூக்குச் சளி துடைத்து வளர்த்ததைப் பார்த்தால் பிள்ளை.

அளக்கும்போது பாயில் சிந்துகிற அரிசி அளவைக்காரனுக்கு. இது எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் கெடாவில் எந்தக் கடையில் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். சிந்தல் என்று பேர். வெள்ளைக்காரன் காலத்தில் பரஞ்சோதி அதைக் கூட்டி அள்ளிக் கோழிக்குப் போட்டார்.

வெள்ளைக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் வந்தான். கிடங்கு அதேதான், பாய் அதேதான், பரஞ்சோதியும் அங்கேயேதான். சம்பளம்கூட மாறவில்லை என்று கிடங்குக் கணக்கெழுதும் தர்மலிங்கம் கிராணி ஏதோ தாமே கொடுப்பதுபோலச் சொன்னார். மாறாத அந்தச் சம்பளத்தை ஜப்பான்காரன் வாழைமரம் போட்டு அச்சடித்த நோட்டாக வாங்கிக்கொண்டு பாசார் சந்தைக்குப் போனால் முட்டை விற்கிற கிழவி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். ஆகவே கவர்மெண்டு ஆட்களுக்கு உண்மையான சம்பளம் கிடங்கில் அளக்கிற அரிசிதான்.

அந்த அரிசிக்கு இரண்டு வரிசை. இடது பக்கம் தபால், ரயில், ஆஸ்பத்திரி, ரோட்டு வேலை ஆட்கள். வலது பக்கம் பட்டாளமும், ஹெய்ஹோ என்று அவர்கள் புதிதாகச் சேர்த்த உள்ளூர்த் துணைப்படையும். பரஞ்சோதிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் கண்ணாடி போட்ட ஜப்பான் அதிகாரி. அவன் போட்ட உத்தரவு இது: வலது வரிசைக்கு வெள்ளை அரிசி, கந்தாங்குக்கு மேல் கூம்பு கட்டி. இடது வரிசைக்குப் பூச்சி பிடிக்காதிருக்கச் சுண்ணாம்பு கலந்த பழைய அரிசி, சுப்பாக்கில், தலை தட்டி.

"பரஞ்சோதி, இது திங்கிறதா, செவுத்துக்கு அடிக்கிறதா?" என்று கேட்டார் தபால்கார வால்டர்.

"ரெண்டுக்கும் ஆவும். மொதல்ல தின்னு, மிச்சத்த அடி."

ஆஸ்பத்திரி ஆயா ராக்காயி விடவில்லை. "அந்தப் பக்கம் கோபுரம் கட்டுறீங்க. எங்களுக்கு மட்டும் மொட்ட அடிக்கிறீங்களே அண்ணே! என்ன வேண்டுதல்?"

சிரித்தார்கள். பரஞ்சோதியும் சிரித்தார். சிரித்தாரே ஒழிய உள்ளுக்குள் ஆறவில்லை. சாயந்தரம் தர்மலிங்கம் கிராணியைப் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரி பகலா ராக்காயி பொணம் தூக்குறா. வால்டரு நடந்தே கோத்தா கோலா மூடா வரைக்கும் தபால் கொண்டுட்டுப் போறாரு. எல்லாம் ஒரே ராஜாங்கத்து வேலைதானே கிராணி? சுடுறவனுக்கு மட்டுந்தான் வயிறு இருக்கா?"

"சாவப் போறவனுக்கு ரெண்டு பிடி கூடப் போடுறான். விடுலா."

"நாம என்ன சாவாம இருக்கிறமா?"

கிராணி கதவைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார், பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கெடாவைச் சயாம்காரனுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பிய சமயம். ஒரு அரிசி நாளில் வலது வரிசையில் தொப்பியும் பெரிய பூட்சுமாக ஒருவன் வந்து நின்று பல்லைக் காட்டினான். பரஞ்சோதி வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்.

"நீ எங்கடா இந்த வரிசையில?"

"சேந்துட்டேன் மச்சான்," என்றான் இருளப்பன். சிடாம் கிரித் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன். "அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா வெளக்கமாத்தத் தூக்கும்."

"பால்வாளி?"

"மரத்துல தொங்குது. வெட்டுன பால வாங்க ஆளு யாரு? இங்க சோறு போடுறான் மச்சான், வெள்ளச் சோறு! சோப்பு, சிகரெட்டு, மாத்துத் துணி. நானு எங்க செட்டுக்கு அரிசி சொமக்கிற ஆளு. இங்கருந்து முகாமு வரைக்கும் மூட்ட எம் பொறுப்பு."

"அக்காவுக்கு ஒரு பிடி கொண்டாந்து குடுக்கலாம்ல மாப்ளே?"

"தின்னுட்டு வரலாம், மடியில கட்டிட்டு வர முடியாது. வாசல்ல தொப்பியக் கூடக் கழட்டிப் பாக்குறான்."

பரஞ்சோதி கூம்பு கட்டி அளந்தார். நேற்றுத்தான் மீசை முளைத்த பயலுக்கு மலை. கவர்மெண்டு உப்பைத் தின்றே தலை நரைத்த தமக்குச் சுண்ணாம்பு. அந்த மலையையும் தம் கையாலேயே கட்ட வேண்டியிருக்கிறது.

வீட்டில் குணவதி பெண் குழந்தை பெற்றுக் கிடந்தாள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று கால் இரண்டும் ஊதிப்போய், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. மார்பில் பால் இல்லை. குழந்தை முதலில் வீரிட்டது, பிறகு முனகியது, அப்புறம் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்தார். "கெழங்க நிறுத்து. நல்ல சோறும் பச்சப்பயறும் உள்ள போவணும். போனா பால் வரும். போவலேன்னா..." அதற்குமேல் சொல்லாமல் பையை மூடிக்கொண்டார்.

அடுத்த அரிசி நாளில் பரஞ்சோதியின் கை மாறியது. வலது வரிசைக்கு அளக்கும்போது அரிசியைக் கந்தாங்கின் வாயருகே தாழ்த்தி மெல்ல விட்டார். அது விரிந்து படுத்தது. மேலே கூம்பு பார்க்க ஜம்மென்று இருந்தது; நகர்த்தும்போது சற்றே சாய்த்ததில் ஒரு பிடி பாயில் சரிந்தது. இடது வரிசைக்கு வந்ததும் சுப்பாக்கைத் தட்டிக் குலுக்கி இறுக்கி அளந்தார். ராக்காயி பையைத் தூக்கிப் பார்த்து ஒரு கணம் முகத்தைப் பார்த்தாள். பை வழக்கத்தைவிடக் கனத்தது. முக்காலியில் இருந்தவன் எண்ணிக்கையைத்தான் பார்த்தான். எண்ணிக்கை சரி.

பட்டாளத்திடம்தானே எடுக்கிறோம், ஒரு ஆளிடமா எடுக்கிறோம் என்று பரஞ்சோதி தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அன்றைக்குச் சிந்தலை அவர் கோழிக்குப் போடவில்லை. அப்படியே சில அரிசி நாள் போயின. குணவதிக்குக் கால் வற்றியது. ஒரு காலையில் குழந்தை மார்பில் வாய் வைத்து, மொடக் மொடக்கென்று விழுங்குகிற சத்தம் கேட்டது. பரஞ்சோதி வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரமே முக்காலிக்காரன் அவரைத் தேடி வந்தான். கந்தாங்கை எடு, வா என்று கை காட்டினான். கிராணியும் மொழி சொல்லக் கூடவே வந்தார்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் குனிந்து கும்பிட்டு நிமிர்ந்தார். நடு மைதானத்தில், கொதிக்கிற சரளைக் கல்லில், இருளப்பன் முட்டி போட்டிருந்தான். தொப்பி இல்லை. ஒரு கண் இருந்த இடத்தில் வீக்கம்தான் இருந்தது. தலைக்குமேல் தூக்கிய கைகளில் மணல் வாளி; அது தாழ்ந்தபோதெல்லாம் ஒருத்தன் துப்பாக்கிக் கட்டையால் விலாவில் குத்தினான். பக்கத்தில் அரிசி மூட்டை.

கிராணி உதடு அசையாமல் சொன்னார்: "சமையக்காரன் அவுங்க மரப்பெட்டியால அளந்து பாத்தானாம். மூட்ட கொறையுது. வழியில இவன் எடுத்துட்டான்னு சொல்றாங்க. நீ உன் கந்தாங்கால அளந்து காட்டணும். கெடங்குல அளந்த கணக்கு அப்படியே வந்துட்டா இவன விட்டுருவான். கொறஞ்சுதுன்னா இவன்தான் திருடன்."

பரஞ்சோதிக்கு உயிர் திரும்பி வந்தது. அதே அரிசி, அதே கந்தாங், அதே கை. கிடங்கில் விட்டதுபோல மெல்ல விட்டு, கூம்பைச் சற்றே ஒல்லியாகக் கட்டினால் போதும். கணக்கு நேராக நிற்கும். உட்கார்ந்தார். கந்தாங்கைத் தட்டினார், ஊதினார்.

"லாபம்," என்றார்.

அரிசியைத் தாழ்த்தி விட்டார். கை நடுங்கியது. அவர் கையா அது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. நடுக்கம் விரலிலிருந்து கந்தாங்குக்கு இறங்கியது. உள்ளே அரிசி சிலுசிலுவென்று ஒடுங்கியது. நின்ற அரிசி அவர் கண்ணெதிரே ஒரு விரல்கடை கீழே போயிற்று. மேலே இட்டு நிரப்ப வேண்டியதாயிற்று. "ரெண்டு." நிறுத்தப் பார்த்தார், நிறுத்தப் பார்க்கப் பார்க்க அதிகமாயிற்று. பல்லைக் கடித்தார். முழங்கையை விலாவோடு இடுக்கினார். ஒவ்வொரு அளவையும் குலுங்கி இறுகி, உள்ளது உள்ளபடியான அளவையாகவே நின்றது. பொய்யாய் அளக்க வேண்டிய அந்த ஒரு வேளையில் கை மெய்யாய் அளந்தது.

கடைசிக் கந்தாங் பாதிகூட நிறையவில்லை. மூட்டையை உதறினார். தூசிதான் விழுந்தது.

"பாக்கேரோ!" என்று எவனோ ஜப்பான் வசவில் கத்தினான்.

நான்தான், என் கைதான் என்று சொல்லப் பரஞ்சோதி வாயைத் திறந்தார். அதற்குள் கல்லிலிருந்து இருளப்பன் குரல் வந்தது.

"நாந்தான் துவான். வழியில எடுத்தேன். வித்துட்டேன்."

கிராணி அதை மலாயில் சொன்னார். வாளியைப் பிடுங்கினார்கள். இரண்டு பேர் இருளப்பனைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கி உள்ளே இழுத்துப் போனார்கள். பெரிய பூட்சின் நுனி சரளையில் கோடு போட்டுக்கொண்டே போனது. பரஞ்சோதியைத் தாண்டும்போது அவன் தலையைத் திருப்பி, மிச்சமிருந்த ஒரு கண்ணால் பார்த்தான்.

"மச்சான், அக்காவுக்குப் பால் ஊறுதா?"

பரஞ்சோதி தலையாட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளேயிருந்து அடி விழுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. மூட்டை சுமந்தவன் எல்லாம் தெரிந்தேதான் சுமந்திருக்கிறான். கந்தாங்கை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், "முகாம்ல அளக்கக் கூப்பிட்டாங்க, அளந்தேன்" என்று மட்டும் குணவதியிடம் சொன்னார்.

சில நாளில் கிராணி வந்து மற்றதைச் சொன்னார். லாரி லாரியாக ஹெய்ஹோ ஆட்களைக் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றினார்களாம். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியாது. இருளப்பனும் அதில் ஒருவன்.

"திருடன்னாங்களே?"

"அடிச்சதோட அது முடிஞ்சுபோச்சு. கப்பலுக்கு ஆளு பத்தலையாம்." கிராணி கொஞ்சம் தயங்கினார். "போனவங்க வீட்டாளுக்கு மாசா மாசம் பட்டாளப் பங்கு உண்டாம். கூடப் பொறந்தவன்னு அக்கா பேரக் குடுத்திருக்கான்."

அந்த மாதத்து அரிசி நாள். இடது வரிசையில் வழக்கம்போல வால்டர், ராக்காயி. வேடிக்கைப் பேச்சு எதுவும் எழவில்லை. வலது வரிசையில், தொப்பிகளுக்கு நடுவே, தோளில் குழந்தையும் கையில் சாக்குப் பையுமாகக் குணவதி நின்றாள். அழுது வீங்கிய முகம். முறை வந்ததும் புருஷன் என்று பாராமல், அளவைக்காரரைப் பார்க்கிறதுபோலப் பார்த்துப் பையை விரித்துப் பிடித்தாள்.

"எந் தம்பி பங்கு," என்றாள்.

பரஞ்சோதி கந்தாங்கைத் தட்டினார், கவிழ்த்து ஊதினார். வெள்ளை அரிசியில் கை வைத்தார். கை மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முக்காலிக்காரன் செருமியும் அளக்காமல், ஒரு மணி கூடாமலும் குறையாமலும் அளக்க அந்த நடுக்கம் நிற்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்.