வெள்ளைப் பொட்டுகள்

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாக ஒரு எக்ஸ்ரே மெஷின் வந்தது. சில வருடங்களில் அதன் மென்பொருளுக்கு அனுமதிக் காலம் முடிந்து, படங்களைத் திறக்க முடியாமல் போனது. அங்கே கணினிகளைப் பார்த்துக்கொண்ட நான், உலகெங்கும் பலர் சேர்ந்து இலவசமாக எழுதும் ஒரு மென்பொருளைப் போட்டேன். நாவற்குடா வீட்டிலிருந்து நானும் அதற்கு நிரல் எழுதத் தொடங்கினேன்.

யுத்தம் முடிந்த வருடம், நோயாளிகளின் பெயர்களை நீக்கிவிட்டுச் சில படங்களைச் சோதனைக்காக அந்த மென்பொருள் குழுவுக்கு அனுப்பினேன். "ஏன் இத்தனை வெள்ளைப் பொட்டுகள்?" என்று ஜெர்மனியிலிருந்து ஒருவர் கேட்டார்.

அவை உடம்புக்குள் தங்கிவிட்ட ஷெல் துண்டுகள். ஆனால் அந்தக் குழுவில் எழுதுவதை யாரும் வாசிக்கலாம். ஆட்களைக் கடத்திப்போக வெள்ளை வான்கள் ஓடிய காலம் அது. "தூசி" என்று எழுதினேன்.

அந்த நல்ல மனிதர் அதோடு விடவில்லை. எங்கள் மேல் இரக்கப்பட்டு, தூசியை அழிக்கும் நிரலொன்றை எழுதி மென்பொருளில் சேர்த்தார். நன்றி எழுதும்போது எனக்குக் காது சுட்டது.

எக்ஸ்ரே எடுக்கும் அக்கா அந்தப் புதிய பொத்தானை அமத்திப் பார்த்தார். ஒருவருடைய தொடையிலிருந்த துண்டுகள் எல்லாம் மறைந்தன.

"இத அமத்தினா ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கல்ல போல கிடக்கு, தம்பி," என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நிரலை நீக்கச் சொல்வதென்றால் குழுவுக்குக் காரணம் எழுத வேண்டும். வான்கள் போய்விட்டன. நான் இன்னும் எழுதவில்லை.