நான் போட்ட லேபிள்

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் லேபிள் டிசைன் செய்கிறேன். ஒரு மூலிகைச் சாறு கம்பெனிக்கும் நான்தான் லேபிள் போட்டுக் கொடுப்பேன். ‘கட்டி கரையும், வீக்கம் வற்றும்’ என்ற வரியை அவர்கள் கேட்டபடி சிவப்பில் பெரிதாக்கியதும் நான்தான்.

போன வருடம் என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்றார்கள். மதுரையில் கீமோ ஆரம்பித்தது. அவள் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அந்தச் சாற்றை வாங்கி, டாக்டருக்குத் தெரியாமல் தினமும் கொடுத்தேன். அச்சில் பார்த்துப் பார்த்து எனக்கே நம்பிக்கை வந்திருந்தது.

மூன்றாவது கீமோவுக்குப் போனபோது அவள் கண் மஞ்சளாக இருந்தது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதித்திருப்பது தெரிந்தது.

“வேற ஏதும் குடுத்தீங்களா?” என்றார் டாக்டர்.

“இல்லைங்க” என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். “மறைக்காம அம்புட்டையும் சொல்லிருங்க” என்றாள். சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. “செடியில மருந்துக் குணம் இருக்கலாம். ஆனா கீமோவோட சேர்ந்தா இவங்க உடம்புல என்ன பண்ணும்னு எனக்கே தெரியாது” என்றார். கீமோவை மூன்று வாரம் நிறுத்திவைத்தார்கள். அந்த மூன்று வாரமும் அவள் கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ஒரு இலையானாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

போன வாரம் அதே கம்பெனி ஆர்டர் வந்தது. ‘கட்டி கரையும்’ வரியை இன்னும் பெரிதாக்கச் சொன்னார்கள். அந்த வரி வேண்டாமென்று அச்சக முதலாளியிடம் சொல்லிப் பார்த்தேன். “நாம அச்சடிக்கிறவங்கய்யா, டாக்டரா?” என்றார்.

பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன்.