மூன்றாவது கேட் தாண்டினால் கத்தும் கியர்

வெர்னா டோலெஃப்சன் முப்பத்தொரு வருஷம் கேட் திறந்தவள். கல்யாணமான மறுவாரம் கணவன் ஓரினுடைய பிக்கப் வண்டியில், ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் வலப்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அந்தப் பக்கத்து வேலை அவளுடையது. மொன்டானாவின் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. ஓட்டுகிறவர் இறங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் இறங்கிக் கேட்டைத் திறந்து, வண்டி தாண்டியதும் மூடிவிட்டு, ஓடி வந்து ஏற வேண்டும். மூன்று பேர் போனால் நடுவில் உட்காருகிறவன்தான் புத்திசாலி என்பார்கள். அவனுக்கு ஓட்டவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

கேட் என்றால் கீல் வைத்த கதவு இல்லை. நான்கு வரிசை முள்கம்பி, ஊடே சில குச்சிகள், ஓரத்தில் ஒரு கம்பம், அதை மாட்டி வைக்க ஒரு கம்பி வளையம். கம்பத்தைத் தோளோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து நெருக்கினால்தான் வளையம் கழலும். டோலெஃப்சன் பண்ணையில் வீட்டுக்கும் வைக்கோல் போருக்கும் நடுவே அப்படி மூன்று கேட். முதல் கேட் சாது. இரண்டாவது முரண்டு பிடிக்கும். மூன்றாவது, காற்று வந்து மோதும் இடத்தில் இருந்தது. ஜனவரியில் அங்கே பனி முழங்காலுக்கு மேல் நிற்கும்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அவள். அந்த வருஷம் அப்பாவின் ஆடுகள் குட்டி போடும் நேரத்தில் அம்மா படுத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பியபோது கரும்பலகையில் இருந்தது எதுவும் புரியவில்லை. கேட்க வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். வாய் பேசாத இடத்தில் கண் இரண்டு மடங்கு வேலை செய்யும். எந்தப் பசு இன்றைக்குக் கன்று போடும் என்று அது படுக்கும் விதத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். யாராவது கேட்டால்தான் சொல்வாள்.

டிசம்பரில் ஓரின் வைக்கோல் போரிலிருந்து சறுக்கி விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டான். இருநூறு பசுக்களுக்குத் தோள் கதையெல்லாம் தெரியாது. மறுநாள் காலை வெர்னா, ஓட்டுகிறவர் ஏறும் இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினாள்.

அந்தச் சிவப்பு டீசல் பிக்கப்புக்கு வயது இருபதுக்கு மேல். கியர் கையால் போடுவது. அதன் முதல் கியர் ஆமை வேகம். போட்டுவிட்டுக் காலை எடுத்துவிட்டால் வண்டி தானாகவே ஊரும். ஓட்ட ஆள் தேவையில்லை. ஸ்டியரிங்கை ஒரு கயிற்றால் கட்டிவிட்டு, இறங்கிப் பின்தட்டில் ஏறி நின்று, கட்டுகளின் கயிற்றை அறுத்து வைக்கோலைத் தள்ளிக்கொண்டே போகலாம். பசுக்கள் மூச்சுப்புகை விட்டபடி நீளமாக வரிசை கட்டிப் பின்னால் வரும். யாரும் ஓட்டாத வண்டியின் மேல் நின்றுகொண்டு வெண்மையான வெளியைக் கடப்பது வெர்னாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் கிடைத்த புது சுகம். அதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி இரண்டாம் வாரம் கியர் கத்த ஆரம்பித்தது.

மூன்றாவது கேட்டைத் தாண்டினால் வைக்கோல் போர். அங்கே வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகப் போரை ஒட்டி நிறுத்த வேண்டும். கிளட்சை மிதித்து ரிவர்ஸில் தள்ளினாள். இரும்புப் பல்லோடு பல் உரசுகிற சத்தம், கறகறவென்று, கியர் கம்பி வழியாக ஏறி அவள் உள்ளங்கையை உலுக்கியது. மறுபடி மிதித்தாள். மறுபடியும் கத்தல். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள், விழுந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஓரின் காபியை வைத்துவிட்டு, தூளியில் தொங்கிய கையோடு வண்டி நிற்கும் பட்டறைக்குப் போனான். இடக்கையால் எட்டி நாலைந்து தரம் ரிவர்ஸ் போட்டுப் பார்த்தான். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது.

"கிளட்சை முழுசா மிதிச்சியா?"

"மிதிச்சேன்."

"தரையைத் தொடணும் வெர்னா. பாதி மிதிச்சா பல்லு போயிரும்."

"தரையைத் தொட்டுச்சு ஓரின்."

மறுநாளும் அதே கத்தல். வாரக் கடைசியில் அவள் அறுபது மைல் ஓட்டிப்போய் நகரத்தில் மெக்கானிக் லாயிடிடம் வண்டியைக் காட்டினாள். லாயிட் அதை ஒரு சுற்று ஓட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஒண்ணுமே இல்லையே. எண்ணெயும் சுத்தமா இருக்கு. வீட்டுல யாரு ஓட்டுறா?"

"நான்தான்."

"ஓ," என்றார் லாயிட். அந்த ஒரு எழுத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் அவளுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. நகரத்தில் சும்மா இருக்கிற கியர், பட்டறையில் சும்மா இருக்கிற கியர், போருக்குப் பக்கத்தில் மட்டும் ஏன் கத்த வேண்டும்? அதற்கு இடம் தெரியுமா?

தீவனக் கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் குறிக்க ஆரம்பித்தாள். புறப்படும்போது பட்டறையில் ஒரு தரம் ரிவர்ஸ் போட்டுப் பார்ப்பாள்: சத்தம் இல்லை. முதல் கேட் தாண்டியதும் நிறுத்திப் போடுவாள்: இல்லை. இரண்டாவது தாண்டி: லேசாக. மூன்றாவது தாண்டி: பல் தெறிக்கிற மாதிரி. குளிரால் என்றால் இன்ஜின் சூடேறச் சூடேறக் குறைய வேண்டும், இது ஏறுகிறது. முதலில் வேறு கியரில் போட்டுவிட்டு ரிவர்ஸுக்கு வந்தாள். கிளட்சை இரண்டு தரம் அடித்துப் பார்த்தாள். பலனில்லை. இன்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் மட்டும் சத்தமில்லாமல் விழுந்தது. அதையும் குறித்தாள். தினமும் காலையில் கால் வைக்கும் ரப்பர் விரிப்பில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைத்தாள். அதைக் குறிக்கத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் ஓரின் முடிவு சொன்னான்.

"ஒரு வாரம் கிளீட் வந்து ஓட்டட்டும். அவன்கிட்டயும் கத்தினா கியர் பெட்டியை இறக்கிப் பாத்துருவோம்."

"கத்தலேன்னா?"

ஓரின் சாளரத்தைப் பார்த்தான். "கத்தலேன்னா என் தோள் சேர்ற வரைக்கும் கிளீட்டே ஓட்டட்டும். நீ கூடப் போய்க் கேட் திற. இருக்கிற ஒரே வண்டி, வெர்னா. நடுக்குளிர்ல பெட்டி உடைஞ்சா மாடு என்ன தின்னும்?"

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதனால்தான் அவளுக்கு வலித்தது.

அடுத்த பண்ணைக்காரன் கிளீட், நாற்பது வயது, வாய் மூடாதவன். திங்கட்கிழமை வந்து இடப்பக்கம் ஏறிக்கொண்டான். வெர்னா வலப்பக்கம். மூன்று கேட்டிலும் அவள் இறங்கித் திறந்து மூடினாள். போரருகே கிளீட் இரண்டு விரலால் ரிவர்ஸ் போட்டான். சத்தமே இல்லை.

"கேட்டீங்களா?" என்றான்.

"ஒண்ணும் கேக்கலை."

"அதைத்தான் கேட்டீங்களான்னு கேட்டேன்."

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. வியாழன் மாலை ஓரின் எதுவும் கேட்கவில்லை. கிளீட்டுக்கு இன்னொரு துண்டு ஆப்பிள் பை வைத்தான், அவ்வளவுதான். இன்னும் ஒரு நாள் போனால் வாரம் முடிந்துவிடும் என்று வெர்னாவுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றாவது கேட்டை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்ட முடியவில்லை. குதிகாலுக்குக் கீழே ஏதோ மேடு தட்டியது. குனிந்து பார்த்தாள். பூட்ஸோடு வந்த பனியும் வைக்கோல் தூசும் மிதிபட்டு மிதிபட்டு, மண்சுவருக்கு மிதித்த சேறு போல இறுகி, விரல் தடிமனுக்கு உறைந்திருந்தது. உடைப்பதற்காகக் குதிகாலால் இரண்டு உதை விட்டாள். மூன்றாவது உதைக்குத் தூக்கிய கால் அப்படியே நின்றது.

மெதுவாகத் திரும்பிக் கிளீட்டின் காலைப் பார்த்தாள். அவன் பூட்ஸ் உலர்ந்திருந்தது. அவன் பக்க விரிப்பு பெருக்கிவிட்ட கூடம் மாதிரி இருந்தது. முப்பத்தொரு வருஷமாக ஓரினின் பக்கமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

அதற்குள் கிளீட் ரிவர்ஸ் போட்டுவிட்டான். சத்தம் இல்லை.

"கிளீட், நாளைக்கும் ஒரு நாள் வர்றியா?"

"ஏன், என்னைப் பிரிய மனசில்லையா?"

"நாளைக்கு மூணு கேட்டையும் நீ திறக்கணும். ஓட்டவும் நீதான்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஓட்டுறவன் இறங்குறதா? எங்கப்பா கேள்விப்பட்டா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துருவாரு."

"வரட்டும். மூணாவது கேட்டை அவரையே திறக்கச் சொல்லலாம்."

முப்பத்தொரு வருஷத்தில் வெர்னா வேடிக்கை பேசி அவன் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலேயே ஒப்புக்கொண்டான்.

சனிக்கிழமை அவள் வலப்பக்கம் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிறவர் தனியாகப் போனால் ஒவ்வொரு கேட்டுக்கும் இரண்டு தரம் இறங்க வேண்டும்: திறக்க ஒரு தரம், வண்டியைத் தாண்டி நிறுத்திவிட்டு மூட ஒரு தரம். கிளீட் இரண்டாவது கேட்டில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் தள்ளாடியபோது, கண்ணாடியை இறக்கி, "தோளைக் குடு, வயித்தைக் குடுக்காத," என்றாள். மூன்றாவது கேட்டில் அவன் பனியில் இடுப்புவரை போய்விட்டு வந்தான். ஏறியதும் பேச மூச்சில்லை. போரருகே கிளட்சை மிதித்து இரண்டு விரலால் ரிவர்ஸைத் தள்ளினான்.

கறகறகறவென்று வண்டியே நடுங்கியது. கிளீட் சூட்டுக்கோலைத் தொட்டவன் போலக் கையை உதறினான்.

"நான் ஒண்ணுமே பண்ணலை!"

"நானும்தான்," என்றாள் வெர்னா.

இறங்கிச் சுற்றி வந்து, குதிரைக் குளம்பைச் சுரண்டும் கொக்கியை எடுத்து, "காலைத் தூக்கு," என்றாள். கிளட்ச் மிதியின் பின்னால் கொக்கியை விட்டு நெம்பினாள். ஒரு பாளம் பெயர்ந்து வந்தது. அதன் மேல் மிதியின் பின்பக்கத்து இரும்பு வரி அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. இத்தனை நாளும் அவள் கால் தொட்டது தரையை அல்ல, இதைத்தான்.

"இப்பப் போடு."

போட்டான். வெண்ணெய்.

கிளீட் பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பட்டறைல அடுப்பு எரியுது," என்றான் மெல்ல. "ராத்திரி உருகிடும். டவுனுக்குப் போறப்ப ஹீட்டர் போடுவீங்க..."

"மாட்டுக்குப் போடுறப்ப ஹீட்டர் போட மாட்டேன். ஆவி படிஞ்சு கண்ணாடி மறைச்சுக்கும்."

அன்று மதியம் அவள் அந்தப் பாளத்தை ஆப்பிள் பை சுடும் தட்டில் வைத்துச் சாப்பாட்டு மேசையின் நடுவே வைத்தாள். ஓரின் முள்கரண்டியைக் கீழே வைத்தான். கிளீட் வாய் நிறைய உருளைக்கிழங்கோடு நடந்ததைச் சொன்னான். ஓரின் விரலால் அச்சைத் தடவிப் பார்த்தான்.

"நான் எத்தனை வருஷமா ஓட்டுறேன். ஒரு குளிர்காலத்துலகூட இந்த மாதிரி..." என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றான்.

"உன் கால்ல பனி பட்டாத்தானே ஓரின்," என்றாள் வெர்னா.

பாளம் உருகித் தட்டில் தண்ணீரும் கொஞ்சம் வைக்கோல் தூசும் மிஞ்சின. ஓரின் எழுந்து லாயிடுக்குப் போன் செய்தான். அவ்வளவு பழைய வண்டியில் கிளட்ச் மிதி கடைசி விரற்கடை இறங்கினால்தான் விடுபடும், அதற்குக் கீழே எது கிடந்தாலும் கியர் கத்தத்தான் செய்யும் என்றார் லாயிட். தனக்கு இது தோன்றவில்லையே என்றும் சொன்னார். பிறகு, "வெர்னாகிட்டயும் சொல்லிடுங்க," என்றாராம்.

திங்கட்கிழமை அவள் தனியாகப் போனாள். ஒவ்வொரு கேட்டிலும் ஏறுமுன் பூட்ஸைக் கதவடியில் தட்டினாள். கொக்கி டேஷ்போர்டில் கிடந்தது.

ஏப்ரலில் ஓரினின் தூளியை அவிழ்த்தார்கள். மறுநாள் காலை அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்தான். இருக்கையில் வெர்னா இருந்தாள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரின் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வண்டியின் முன்னால் சுற்றி வந்து வலப்பக்கம் ஏறினான்.

முதல் கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. ஓரின் கேட்டைப் பார்த்தான். வெர்னாவைப் பார்த்தான். வெளியே பாதி உருகிய பனி, கணுக்கால் ஆழச் சேறு.

"இது சாது," என்றாள் வெர்னா. "மூணாவதுதான் கொஞ்சம் பாத்துக்கணும்."