எங்கூரும் நம்மூரும்

பலகையை நானே எழுத்துக்கூட்டிப் படித்து, தாராபுரத்தில் காலை ஆறரை மணிக் கோயமுத்தூர் பஸ்ஸில் மகள் சாந்தியை ஏற்றி நானும் ஏறினேன். எண்பது கிலோமீட்டர். பீளமேட்டில் அவளுக்கு மத்தியானம் விமானம். காரில் போகலாம் என்றாள். கார் எனக்குக் குமட்டும். ஜன்னலோரம் கிடைத்தால் பஸ்ஸில் எவ்வளவு தூரமும் வருவேன்.

சாந்தி பல வருடமாக மெல்போர்னில் இருக்கிறாள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். "நீங்க சரின்னாத்தானுங்கம்மா வாங்குவேன்" என்றிருந்தாள். நான் பதில் சொல்லவில்லை. காரணம் ஒரே ஒரு சொல். வந்த அன்றைக்கே, "எங்கூர்ல ராத்திரி வேலை முடிஞ்சு தனியா நடந்தே ஊட்டுக்கு வருவனுங்க" என்றாள். பெற்றவளிடமே 'எங்கூர்'. அதில் நான் இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

குண்டடம் பக்கம் வயலெல்லாம் காற்றாடிகள் சுற்றின. பல்லடத்தில் டீ பதினைந்து ரூபாய், நல்ல சூடு. அங்கே ஏறிய வடக்கத்திப் பெண் ஒருத்தி எங்கள் சீட்டிலேயே சாந்திக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"ஏன் அம்மணி, எந்தூரு?"

"சூலூருங்க."

"பொறந்தது?"

"ஒடிசாவுங்க. அது எங்கம்மா ஊரு." சிரித்தாள். "மில்லு வேலைங்க. நம்மூர்ல நைட் ஷிப்ட் முடிஞ்சு தனியாத்தான் ஊட்டுக்கு நடந்து போறனுங்க. அங்க முடியாது. எங்கம்மா திட்டும், போனவ ஒரேயடியாப் போயிட்டேன்னு."

"நீ என்ன சொல்லுவே?"

"நீயும் வந்துருன்னு சொல்லுவனுங்க."

அவள் 'நம்மூர்' என்றது எனக்குப் பெருமையாக இருந்தது. சூலூரில் அவள் இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது, ஒடிசாவில் ஒருத்திக்குச் சோறு இறங்காமல் இருக்கும் என்று. சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சிங்காநல்லூரில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். விமான நிலைய வாசலில், "போயிட்டு வாரனுங்கம்மா" என்றாள்.

"நம்மூர் போய்ச் சேந்ததும் போன் போடு, கண்ணு."

"எந்த நம்மூருங்கம்மா?"

"நீ ராத்திரி தனியா நடக்கற ஊருதான்."

பெட்டியை விட்டுவிட்டு அப்படியே நின்றாள். "அப்ப வாங்கட்டுங்களா?"

"வாங்கு. அடுத்த மொறை எனக்கும் அங்க ஜன்னலோரமா ஒரு எடம் பாத்து வையி."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர், "எந்தூருங்கம்மா?" என்று கேட்டார்.

"இப்போதைக்குத் தாராபுரம் குடுங்க" என்றேன்.