கையெழுத்துக்கு விடாத இடம்

ஏற்காடு பஜாரில் நான் பத்திரம் டைப் செய்கிறவன். வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மகளும் வந்தார்கள். கூடவே எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர். இருபது வயது மகளைக் காப்பிக் குடோனில் வைத்து முதலாளியின் மகன் கெடுத்துவிட்டான். ஒப்பந்தம் இதுதான்: அவர்கள் போலீசுக்குப் போகக் கூடாது. பதிலுக்கு, எஸ்டேட் கூலிக்காரர்களுக்கென்று கொடுத்து அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டை முதலாளி வீட்டார் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். ரைட்டர் சொல்லச் சொல்ல, பாவி நான், முத்திரைத்தாளில் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

மறுநாளே பஸ் ஏறினேன். சேலத்தில் ஒரு வக்கீலிடம் கேட்டேன். "இந்த மாதிரி ஒப்பந்தம் எழுதின அன்னைக்கே செல்லாதுங்க. தாராளமா புகார் குடுக்கலாம்" என்றார்.

நேரே லைன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தாய்க்காரி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். "செல்லாதுன்னா எப்படீங்க? கைநாட்டு வெச்சுட்டமுங்க. குடுத்த வாக்க மீறுனா நொம்பத் தப்புங்க." மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். அப்பன், ஆத்தா கைநாட்டு இருந்தது. மகளின் கையெழுத்து இருந்தது. முதலாளி மகனுடையது இல்லை. அவன் கையெழுத்துப் போட நான் இடமே விட்டிருக்கவில்லை.