கோயில் வாசலில் ஒரு துப்பாக்கி ஸ்டிக்கர்

சனிக்கிழமை காலை. டெக்சாஸில், காப்பெல் பக்கம் ஒரு கோயிலின் கார் நிறுத்துமிடம். உள்ளே துப்பாக்கிக்கு அனுமதியில்லை. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் முரளி, இடுப்பிலிருந்து துப்பாக்கியைக் கழற்றிக் காருக்குள் வைத்துப் பூட்டுகிறார். பின்கண்ணாடியில் ‘என் துப்பாக்கி, என் உரிமை’ என்று ஆங்கில ஸ்டிக்கர். அவர் மனைவி கவிதா அதை நகத்தால் சுரண்டுகிறார்.

“சுரண்டாத கவி. இதப் பாத்தாலே திருடன் பயப்படுவான்.”

“கோயிலுக்கு வந்தா துப்பாக்கி கார்லதான் இருக்கும்னு அவனுக்குத் தெரியாதா? இது இன்விடேஷன்ங்க! எடுத்துட்டுப் போயி யாரையாவது சுட்டா?”

முரளி என்னைப் பார்க்கிறார். “நீங்க சொல்லுங்க அங்கிள்.”

எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. உள்ளே தீபாராதனை மணி அடிக்கிறது.

“நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் காரைப் பாத்துக்கறேன்” என்கிற முரளி, கார் கதவில் சாய்ந்தபடியே கோபுரத்தை நோக்கிக் கும்பிட்டுக்கொள்கிறார்.